கூமுட்டை இட்ட பாம்பு: வெறும் முட்டைக்குத் தாயுடல் கொடுக்கும் விலை

லண்டன் புறநகரில் ஒரு நண்பரின் வீட்டில் 4 ஆண்டுகளாக ஆண் என்று நம்பி, ஆண் பெயரே இட்டு வளர்த்துவந்த கார்ன் ஸ்னேக் என்னும் வகைப் பாம்பு ஒன்று, ஜூன் மாதத்தில் ஒருநாள் விடியற்காலையில் தன் தண்ணீர்க் கிண்ணத்தைச் சுற்றி 11 முட்டைகளை இட்டிருந்தது. குஞ்சாக வாங்கிவந்த நாள் முதல் அது வேறொரு பாம்பைக் கண்டதே இல்லை. முட்டைகளில் 8 வெளிர்மஞ்சள் நிறத்தில், உருகி உறைந்த மெழுகுத் துண்டுகளைப் போலச் சிறுத்துக் கிடந்தன. மற்ற மூன்றும் வெள்ளையாகப் பருத்திருந்தன. அவற்றுள் ஒன்று கிண்ணத்து நீருக்குள் விழுந்திருந்தது. செய்தி கேட்டுப் போய்ப் பார்த்தபோது வீட்டார் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, இவை பொரிக்குமா என்பது. அடுத்த கேள்வி, இவற்றை எடுத்து எறிந்துவிடலாமா என்பது. பாம்பு நலமாக இருக்கிறதா என்ற கேள்வி அதற்கும் பிறகுதான் வந்தது. முட்டையிட்ட வளர்ப்புப் பாம்பைப் பொறுத்தவரை முதலில் கேட்கவேண்டியது அந்தக் கேள்வியைத்தான்.

குஞ்சு பொரிக்காத முட்டையைக் கூமுட்டை என்று நம் ஊரில் கோழி வளர்ப்போர் சொல்வார்கள். ஆங்கிலம் பேசும் நாடுகளில் பாம்பு வளர்ப்போர் அதையே ஸ்லக் என்கிறார்கள். ஓடில்லாத நத்தையைக் குறிக்கும் சொல் அது. மஞ்சளாக, வழவழப்பாக, ஓடு சரியாகப் படியாமல் வெளிவரும் முட்டைக்குத் தோற்றத்தை வைத்து அமைந்த பெயர். கோழியை அறிந்தவர்களுக்குச் சேவலின்றி முட்டை வருவது வியப்பே அல்ல. ஆனால் கோழியோடு ஒப்பிடும்போது ஒரு தவறான நிம்மதியும் கூடவே வந்துவிடுகிறது. நாள்தோறும் முட்டையிடும்படி மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய பறவை கோழி. அன்றாட முட்டையின் செலவை அது அன்றாடத் தீனியில் ஈடுசெய்கிறது. பாம்போ ஆண்டுக்கு ஒருமுறை, சில வேளைகளில் இருமுறை, பல வாரங்களாகத் தன் உடலில் சேர்த்த முட்டைகள் அனைத்தையும் ஓர் இரவிலோ ஒரு பகலிலோ வெளியேற்றுகிறது. அந்த முட்டைகளில் கரு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தாய்க்கு ஆகும் செலவு ஏறத்தாழ ஒன்றுதான்.

இது ஏன் என்று விளங்க, முட்டை உருவாகும் வரிசையைப் பார்க்கவேண்டும். கார்ன் ஸ்னேக் அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களைத் தாயகமாகக் கொண்டது. அடிவயிற்றில் மக்காச்சோள மணிகளை அடுக்கியது போன்ற கட்டங்கள் இருப்பதாலும், சோளக் களஞ்சியங்களில் எலி தேடித் திரிந்ததாலும் அதற்கு இந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். காட்டில் அது மார்ச் முதல் மே வரை இணைசேர்ந்து, மே இறுதி முதல் ஜூலைக்குள் 10 முதல் 30 முட்டைகள் இடும். ஆனால் இணைசேர்வதற்கு முன்பே முட்டைக்கான வேலை தாயுடலில் தொடங்கிவிடுகிறது. குளிர்காலம் கழிந்து வெப்பமும் பகற்பொழுதும் கூடும்போது, ஈஸ்ட்ரோஜன் சுரப்பின் தூண்டுதலால் கல்லீரல், உடலில் சேர்ந்திருக்கும் கொழுப்பையும் புரதத்தையும் கொண்டு வைட்டெல்லோஜெனின் என்ற பொருளை உருவாக்கி இரத்தத்தில் விடுகிறது. சூலகங்களில் கடுகளவாக இருந்த சினைமுட்டைகள் அதை உறிஞ்சி மஞ்சள் கருவாகப் பருக்கின்றன. பின்னர் அவை சூலகத்தை விட்டு விடுபட்டு முட்டைக்குழாய்க்குள் இறங்குகின்றன. ஆணின் விந்து அங்கே இருந்தால் கரு உண்டாகும். இல்லாவிட்டாலும் குழாய் தன் வேலையை நிறுத்துவதில்லை. தோல் போன்ற ஓட்டைச் சுற்றி, சுண்ணச் சத்தைப் படியவைத்து, முட்டையை வெளியே தள்ளுகிறது. கரு உருவாகாததை உணர்ந்து அந்த வேலையை இடையில் நிறுத்தும் ஏற்பாடு தாயுடலில் இல்லை.

இந்த வேலையைத் தொடங்கலாமா என்று உடல் முடிவுசெய்வதில் சேமிப்புக் கொழுப்புக்குப் பெரும் பங்கு உண்டு. மேற்கு பிரான்ஸில் ஆஸ்ப் விரியன் பாம்புகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வாளர்கள், உடலில் கொழுப்பு ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டிய பெண் பாம்புகள்தான் அந்த ஆண்டில் இனப்பெருக்கத்தில் இறங்குகின்றன என்று கண்டார்கள்; அந்த அளவை எட்டாதவை ஓராண்டோ இரண்டாண்டோ காத்திருக்கின்றன. கையிருப்பு சேர்ந்த பிறகுதான் செலவில் இறங்குவது என்று இதைச் சொல்லலாம். இனத்துக்கு இனம் இந்தக் கணக்கு மாறும் என்றாலும், வளர்ப்புப் பாம்புகளைப் பற்றி இது ஒரு முக்கியமான உண்மையைச் சொல்கிறது. வாரந்தோறும் தவறாமல் கொழுத்த எலி கிடைக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தக் கையிருப்பு எப்போதும் நிரம்பியே இருக்கிறது. ஆணே இல்லாத அறையிலும் ஆண்டுதோறும் முட்டை வருவதற்கு, நாம் அன்பு மிகுதியால் கொடுக்கும் இரையும் ஒரு காரணம். ஊட்டி வளர்ப்பதே நல்ல வளர்ப்பு என்று எண்ணும் நமக்கு இதை ஏற்பது எளிதல்ல. ஆனால் ஒவ்வொரு வசந்தத்திலும் கூமுட்டை இட்டு மெலியும் பாம்பைப் பார்ப்பவர்கள் முதலில் எண்ணிப் பார்க்கவேண்டியது இதைத்தான்.

முட்டை வரப்போவதைப் பாம்பு முன்கூட்டியே காட்டிவிடும். உடலின் பின்பாதி பருக்கும். அதைக் கைகளில் மெல்ல ஊரவிட்டால் உள்ளே வரிசையாகக் கட்டிகள் நகர்வதை உணரலாம். இரையை மறுக்கும், அல்லது சிறிய இரையை மட்டும் ஏற்கும். இரவெல்லாம் பெட்டியின் மூலைகளை முட்டித் துழாவும். தெளிவான அடையாளம், முட்டையிடுவதற்கு முன்பு சட்டை உரிப்பது: கார்ன் ஸ்னேக் அதன் பிறகு 10 முதல் 14 நாட்களில் முட்டையிடும், ஆப்பிரிக்காவைச் சேர்ந்த, பந்துபோலச் சுருளும் மலைப்பாம்பு வகையான பால் பைத்தான் (ball python) ஏறத்தாழ 4 வாரம் எடுத்துக்கொள்ளும். நண்பர் வீட்டில் இந்த அடையாளங்கள் எல்லாமே தென்பட்டிருந்தன. ஆண் என்ற நம்பிக்கையால், பசியின்மையை நோய் என்றும் பருமனை மலச்சிக்கல் என்றும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். குஞ்சுப் பருவத்தில் பாம்பின் பாலினத்தைக் கண்டறிவது பயிற்சி உள்ளவர்களுக்கும் சில நேரம் தவறிப்போகும் வேலை. ஆகவே இரண்டு மூன்று வயதைக் கடந்த பாம்பு வசந்தத்தில் திடீரென உண்ண மறுத்தால், விற்றவர் சொன்ன பாலினத்தை ஒருமுறை ஐயுற்றுப் பார்ப்பது நல்லது.

அந்த நாட்களில் பாம்புக்கு மிகவும் தேவைப்படுவது முட்டையிட ஓர் இடம். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்து, பாம்பு எளிதாக நுழையும் அளவுக்கு ஒரு துளை வெட்டி, துளையின் விளிம்பைச் சொரசொரப்பின்றித் தேய்த்து, ஸ்பாக்னம் பாசியை நீரில் நனைத்துப் பிழிந்து பாதியளவு நிரப்பினால் போதும். கையால் பிழிந்தால் நீர் சொட்டக்கூடாது, தொட்டால் ஈரம் தெரியவேண்டும். டப்பா பாம்பு சுருண்டு படுத்தால் நிறைந்துவிடும் அளவில் இருக்கவேண்டும். பெரிய டப்பாவில் அதற்குப் பாதுகாப்பு உணர்வு வராது. முட்டைகள் பொரிக்கப்போவதில்லை என்று நமக்குத் தெரிந்தாலும் பாம்புக்கு அது தெரியாது. தகுந்த இடம் கிடைக்காத பாம்பு முட்டையிடுவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கும். அப்படித் தள்ளிப்போவதே முட்டை உள்ளே சிக்கிக்கொள்வதற்கான காரணங்களில் ஒன்று. நண்பரின் பாம்பு வேறு வழியின்றித் தண்ணீர்க் கிண்ணத்தருகே இட்டதற்கும், அந்தப் பெட்டியில் ஈரமான இடம் அது ஒன்றுதான் என்பதே காரணம்.

வெப்பத்தையும் இதோடு சேர்த்துக் கவனிக்கவேண்டும். பெட்டியின் ஒரு பக்கம் 30 டிகிரி செல்சியஸ் அளவிலும் மறுபக்கம் 24 டிகிரி அளவிலும் இருந்தால் பாம்பு தனக்கு வேண்டியதைத் தானே தேர்ந்துகொள்ளும். சினையாக இருக்கும் பாம்பு வழக்கத்தைவிட நெடுநேரம் வெப்பப் பக்கத்தில் கிடக்கும். பெட்டியைச் சூடாக்கும் விரிப்பான ஹீட் மேட்டுக்கு, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் விடுவது எந்தக் காலத்திலும் தவறு. வெப்பத்தைத் தேடி அசையாமல் கிடக்கும் சினைப்பாம்பின் அடிவயிறு இந்தக் காலத்தில் எளிதில் வெந்துபோகும். குடிநீரை நாள்தோறும் மாற்றவேண்டும். கையில் எடுப்பதை முடிந்தவரை தவிர்க்கவேண்டும். சுண்ணச் சத்துப் பொடி பற்றிப் பலர் கேட்கிறார்கள். எலியை எலும்போடு முழுதாக விழுங்கும் பாம்புக்குப் பொதுவாக அது தேவைப்படாது. வளர்ந்த பாம்புக்கு இன்னும் எலும்பு முற்றாத பச்சைக் குஞ்செலிகளையே கொடுத்துவருபவர்கள் மட்டும் அந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்ளவேண்டும்.

முட்டையிடும் வேளையில் நாம் செய்யக்கூடியது, அறையை அமைதியாக வைத்துவிட்டு விலகி நிற்பதுதான். முதல் முட்டைக்கும் கடைசி முட்டைக்கும் இடையே பல மணி நேரம் ஆகலாம். ஒரு முட்டை வெளிவந்ததும் பாம்பு ஓய்வெடுத்து, உடலை அலைபோல நெளித்து அடுத்ததை நகர்த்தும். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் எல்லாம் முடிந்துவிடும். கூமுட்டைகள் வெளியேறும்போது இந்த ஒழுங்கு குலைவதும் உண்டு. இரண்டு முட்டை வந்து, ஒரு நாள் விட்டு ஒன்று வந்து, பின் எதுவும் வராமல் நின்றுபோகலாம். கருவுள்ள முட்டைகளைப் போல இவை ஒரே அளவில், இறுக்கமாகப் பருத்திருப்பதில்லை. தொளதொளப்பாகவோ ஒன்றோடொன்று ஒட்டியோ இருக்கும் முட்டையைக் குழாயின் தசை சரியாகப் பற்றித் தள்ளமுடியாமல் போகிறது. பாம்பு கொழுத்திருப்பது, அசைவின்றி வளர்ந்ததால் தசை தளர்ந்திருப்பது, உடலில் நீர் குறைவது, அறை குளிர்ந்திருப்பது, முட்டைக்குழாயில் தொற்று ஆகிய எல்லாமே இதற்கு வழிவகுப்பவை.

முட்டை சிக்கிக்கொள்வது உயிருக்கு ஆபத்தானது. முதல் முட்டை வந்து 48 மணி நேரம் கடந்தும் உடலின் பின்பகுதியில் கட்டிகள் தெரிந்தால், அல்லது பாம்பு முக்கி முக்கி ஓய்ந்துபோனால், அல்லது வாலடியில் உள்ள கழிவுத் துளையில் சிவந்த சதை பிதுங்கினால், ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் உடனே கொண்டுபோகவேண்டும். சதை பிதுங்கிய நிலையில் 48 மணி நேரக் கணக்கே பார்க்கக்கூடாது. ஈரத்துணி சுற்றி அந்த நேரமே புறப்படவேண்டும். காலம் இங்கே இரு வகையில் முக்கியம். முட்டைக்குழாயைச் சுருங்கச்செய்யும் ஆக்சிடோசின் ஊசி ஆமைகளில் வேலைசெய்யும் அளவுக்குப் பாம்புகளில் வேலைசெய்வதில்லை. வேலைசெய்யும் கொஞ்சமும் முதல் ஓரிரு நாட்களுக்குள் போட்டால்தான். இரண்டாவது, முட்டையின் உள்ளடக்கம் இளகியிருக்கும் வரைதான், மயக்கமருந்து கொடுத்து வயிற்றுச் செதில்களின் இடையே ஊசியைச் செலுத்தி அதை உறிஞ்சி எடுத்து, சுருங்கிய ஓடு தானே வெளியேற விடமுடியும். நாட்கள் கடந்தால் உள்ளே இருப்பது கட்டிதட்டி, ஓடு குழாயின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது அறுவை சிகிச்சை தவிர வேறு வழி இருக்காது. எத்தனை முட்டை, எங்கே நிற்கிறது என்பதை எக்ஸ்ரேயும் ஸ்கேனும் காட்டிவிடும். அதற்கு முன்பு வீட்டில் எதையும் செய்துபார்க்கத் தேவையில்லை.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விரலால் அழுத்தி முட்டையை வால்பக்கமாக நீவிவிடலாம் என்ற யோசனையைப் பலரும் பலருக்கும் சொல்கிறார்கள். முட்டைக்குழாயின் சுவர் மிக மெல்லியது. உள்ளே ஒட்டியிருக்கும் முட்டையை வெளியிலிருந்து தள்ளினால் குழாய் கிழியலாம், முட்டை உடைந்து வயிற்றறைக்குள் சிந்தலாம். இரண்டுமே பாம்பைக் கொன்றுவிடக்கூடியவை. வெதுவெதுப்பான நீரில் ஆழமின்றிச் சிறிது நேரம் கிடக்கவிடுவதும் வெப்பத்தைச் சரிபார்ப்பதும்தான் மருத்துவரிடம் போகும்வரை நாம் செய்யக்கூடியவை.

இனி முட்டைகளைப் பார்ப்போம். மஞ்சளாகச் சுருங்கியவை கூமுட்டைகள் என்பதில் ஐயம் வேண்டாம். வெள்ளையாகப் பருத்த முட்டைகளை மட்டும் பார்வையால் முடிவுசெய்ய முடியாது. இருட்டறையில் செல்பேசி விளக்கை முட்டையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கருவுள்ளதில் ஒரு வாரத்துக்குள் சிவந்த நரம்புகள், அதாவது இரத்தக் குழாய்கள், வலைபோலப் படர்வது தெரியும். கூமுட்டை ஒரே சீராக மஞ்சளாய் ஒளிரும். இப்படிப் பார்க்கும்போது முட்டையைப் புரட்டிவிடக்கூடாது. கோழி தன் முட்டைகளை நாள்தோறும் அலகால் புரட்டிவிடும். பாம்பின் கருவோ முதல் நாளிலேயே ஓட்டின் மேற்புறத்தில் ஒட்டிக்கொள்வதால், புரட்டினால் இறந்துபோகும். பென்சிலால் மேற்புறத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொள்வது பழக்கம். நண்பர் வீட்டு முட்டைகளில் வெள்ளையானவை மூன்றையும் பத்து நாள் அப்படிப் பார்த்தோம். எதிலும் ஒரு நரம்புகூடத் தோன்றவில்லை. பத்தாம் நாளில் ஒன்றின்மீது பச்சைப் பூஞ்சணம் படர்ந்தது.

ஆணைக் காணாத பாம்பின் முட்டையை இத்தனை கவனமாகப் பார்க்கவேண்டுமா என்று கேட்கலாம். வேண்டும் என்பதற்குப் பதிவுபெற்ற சான்றுகள் உள்ளன. வயது வந்த பிறகு ஒருவரிடமிருந்து வாங்கிய பாம்பு, அதற்கு முன்பே இணைசேர்ந்திருக்கலாம். பெண் பாம்புகள் விந்தை முட்டைக்குழாயின் மடிப்புகளில் நெடுங்காலம் சேமித்துவைக்க வல்லவை. ஃபுளோரிடாவில் முழு வளர்ச்சி அடையும் முன்பே பிடிபட்டுத் தனியாக வளர்க்கப்பட்ட கிழக்கத்திய டைமண்ட்பேக் ராட்டில்ஸ்னேக் (கிலுகிலுப்பைப் பாம்பு) ஒன்று, 5 ஆண்டுகள் கழித்து 2010இல் 19 குட்டிகளை ஈன்றது. அவற்றுக்குத் தந்தை ஒன்று இருந்ததை மரபணுச் சோதனை உறுதிசெய்தது. தந்தையே இல்லாமல் கரு உருவாவதும் உண்டு. அமெரிக்காவின் லூயிவில் விலங்குக்காட்சிச் சாலையில் தெல்மா என்ற ரெட்டிகுலேட்டட் பைத்தான் வகை மலைப்பாம்பு, ஆணோடு சேராமலே 2012இல் 61 முட்டைகள் இட்டது. அவற்றிலிருந்து 6 பெண் குஞ்சுகள் பிறந்தன. செயின்ட் லூயிஸ் விலங்குக்காட்சிச் சாலையில் 60 வயதைக் கடந்த ஒரு பால் பைத்தான், 15 ஆண்டுகளுக்கு மேல் ஆணின் அருகே இருந்திராத நிலையில், 2020 ஜூலையில் 7 முட்டைகள் இட்டது உலகச் செய்தியானது. போவா, பைத்தான் இனங்களில் பெண்ணுக்கு ஒரே வகைப் பாலினக் குரோமோசோம் இரண்டு இருப்பதை 2017இல் வெளிவந்த ஆய்வு எடுத்துக்காட்டியது. தந்தையின்றிப் பிறக்கும் அவற்றின் குஞ்சுகள் பெண்களாகவே இருப்பதற்கு அது விளக்கம் தந்தது.

தந்தையே இல்லாத பாம்பினம் ஒன்று நம் வீட்டுப் பூந்தொட்டிகளிலேயே வாழ்கிறது என்பதை இங்கே சொல்லாமல் விடமுடியவில்லை. மண்புழு என்று நினைத்துக் குழந்தைகள் கையில் எடுக்கும் கருநிறப் புழுப்பாம்பு முழுவதும் பெண்களாலான இனம். அதன் ஒவ்வொரு முட்டையும் தாயின் பிரதியையே தருகிறது. செடிகளின் வேர்மண்ணோடு பயணம்செய்து உலகின் வெப்பநாடுகள் பலவற்றிலும் அது குடியேறியதற்கு, ஒற்றைப் பாம்பே ஒரு குடும்பத்தைத் தொடங்க முடிவதும் காரணம். வளர்ப்புப் பாம்புகளில் இது மிக அரிது. ஆனால் அரிது என்பதற்காகப் பார்க்காமல் எறிந்துவிடுவதைவிட, ஒரு வாரம் ஈரப்பாசியில் வைத்துப் பார்ப்பது நேர்மையானது. நரம்பு தெரிந்து, குஞ்சுகளை வளர்க்கவோ தகுந்தவரிடம் சேர்க்கவோ வழியில்லை என்றால், அந்த முடிவைத் தொடக்கத்திலேயே எடுத்து முட்டையை உறையவைத்துவிடுவது வழக்கம். கரு வளரவிட்டுப் பின் தயங்குவது கொடுமை.

தாயிடமிருந்து முட்டைகளை எப்போது எடுப்பது என்பது இனத்தைப் பொறுத்தது. கார்ன் ஸ்னேக் இட்ட முட்டைகளை விட்டு விரைவில் விலகிவிடும். பைத்தான்கள் அப்படியல்ல. நம் காடுகளின் மலைப்பாம்பு முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு, தசைகளைத் துடிக்கவைத்து வெப்பம் உண்டாக்கி அடைகாக்கிறது. பால் பைத்தான் அவ்வாறு வெப்பம் உண்டாக்குவதில்லை என்றாலும், இரண்டு மாதம் உண்ணாமல் முட்டைகளைச் சுற்றிக் கிடக்கும். கூமுட்டைகளையும் அதே உறுதியோடு காக்கும். ஏற்கெனவே மெலிந்த பாம்பு அழுகப்போகும் முட்டைகளுக்காகப் பட்டினி கிடப்பதை அனுமதிக்கக்கூடாது. அதன் தலையை மெல்லிய துணியால் மறைத்து, சுருளை வால்பக்கமிருந்து பொறுமையாகப் பிரித்து முட்டைகளை எடுத்தபின், பெட்டியின் அடித்தரையை முழுதாக மாற்றி, பாம்பையும் வெதுவெதுப்பான நீரில் கழுவிவிட்டால், முட்டையின் மணம் போய் அது விரைவில் இரையை நாடும். மணம் மிச்சமிருந்தால் வெறும் தரையைச் சுற்றிச் சுருண்டு கிடக்கும். இந்த வேலைகளுக்குப் பிறகு கைகளைச் சோப்பிட்டுக் கழுவுவதும், சமையலறைத் தொட்டியைப் பயன்படுத்தாமல் இருப்பதும் கட்டாயம். நலமாக இருக்கும் பாம்பும் சால்மொனெல்லா கிருமியைச் சுமந்திருக்கலாம்.

முட்டையிட்ட தாயை அருகிலிருந்து பார்த்தவர்கள் அதன் தோற்றத்தை மறக்கமாட்டார்கள். அன்று காலை நண்பரின் பாம்பை நான் பார்த்தபோது அதன் பின்பாதியில் தோல் இருபுறமும் மடிந்து தொங்கியது. முதுகெலும்பு கூரை முகடு போல மேலெழுந்து நின்றது. கிண்ணத்தில் முகவாயைப் பதித்து, தொண்டை ஏறி இறங்க, நான் அதுவரை எந்தப் பாம்பும் குடித்துப் பார்த்திராத அளவுக்கு நெடுநேரம் நீர் குடித்தது. இந்த நிலையில் இரக்கப்பட்டுப் பெரிய எலியைக் கொடுப்பதே பலர் செய்யும் பிழை. பல வாரம் உண்ணாமல், முட்டைகளால் நெருக்கப்பட்டிருந்த குடல் பெரிய இரையைத் தாங்காமல் கக்கிவிடும். கக்குவது இன்னொரு இழப்பு. இரண்டு மூன்று நாள் ஓய்வும் நீரும் கொடுத்தபின், வழக்கமான இரையில் பாதி அளவுள்ளதைக் கொடுத்து, அது செரித்தபின் ஐந்தாறு நாள் இடைவெளியில் சிறிய இரைகளாகத் தொடர்ந்து, தசை நிரம்பியதும் பழைய அளவுக்கும் இடைவெளிக்கும் திரும்பவேண்டும். அடுத்த சட்டை உரிந்ததும் பாம்பு பெரும்பாலும் நன்றாக உண்ணத் தொடங்கும். கழிவில் துர்நாற்றமோ, உடலில் வீக்கமோ, இரண்டு வாரத்துக்கு மேல் இரை மறுப்போ இருந்தால், முட்டை ஒன்று உள்ளே தங்கிவிட்டதா என்று பார்க்கச்சொல்லி மருத்துவரிடம் போகவேண்டும்.

தேறிய கையோடு அளவுமீறி ஊட்டினால் அதே கோடையில் இரண்டாம் முறையும் முட்டை வரலாம். முதல்முறையின் இழப்பிலிருந்து மீளாத உடலுக்கு அது பேரடி. ஆகவே பழைய எடைக்கு மீண்டதும் நிறுத்திக்கொள்ளவேண்டும். ஆண்டுதோறும் முட்டை சிக்கி அவதிப்படும் பாம்புக்குச் சூலகங்களையும் குழாய்களையும் நீக்கும் அறுவை சிகிச்சை உண்டு. ஆனால் பாம்பின் சூலகங்கள் வலது முன்னும் இடது பின்னுமாக உடலின் நீளத்தில் பரவிக் கிடப்பதால் நீண்ட கீறல் தேவைப்படும். இதை எல்லாப் பாம்புக்கும் வழக்கமாகச் செய்வதில்லை. பெரும்பாலான பாம்புகளுக்கு எலியின் அளவையும் இடைவெளியையும் சீராக்குவதே போதும். சமையலறைத் தராசைப் போன்ற ஒரு மின்னணுத் தராசைப் பாம்புக்கென்றே வாங்கி, மாதம் ஒருமுறை நிறுத்து எழுதிவைக்கும் பழக்கத்தைவிடப் பயனுள்ள கருவி இதில் வேறில்லை.

இந்தியாவில் வாழ்பவர்கள் ஒன்றைத் தனியாகக் கவனிக்கவேண்டும். நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வைத்து வளர்ப்பதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிப்பதில்லை. அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் பதிவுசெய்யவேண்டும் என்று 2022ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது; பால் பைத்தான் அந்தப் பட்டியலில் இரண்டாம் இணைப்பில் உள்ளது. சென்னை விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளுக்குள் இவ்வகைப் பாம்புகள் பிடிபடும் செய்தி அடிக்கடி வருகிறது. அப்படி மறைவாக வந்து மறைவாக வளரும் பாம்புக்கு முட்டை சிக்கிக்கொண்டால், உரிமையாளர் சட்டத்துக்கு அஞ்சி மருத்துவரிடம் போகத் தயங்குகிறார். அந்த 48 மணி நேரம் தயக்கத்திலேயே கழிந்துவிடுகிறது. பிரிட்டனில் கார்ன் ஸ்னேக் வளர்க்க உரிமம் தேவையில்லை, ஆனால் 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் அதன் தேவைகளை நிறைவேற்றும் கடமையை வளர்ப்பவர்மீது சுமத்துகிறது. மருத்துவரிடம் வெளிப்படையாகக் கொண்டுபோக முடியாத எந்த உயிரையும் வளர்க்கவே தொடங்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

நண்பரின் பாம்பு அந்த ஆண்டு பிப்ரவரியில் 480 கிராம் இருந்தது. முட்டையிட்ட மறுநாள் 345 கிராம். ஐந்தாம் நாள் ஒரு சிறிய சுண்டெலியை எடுத்தது. ஜூலை நடுவில் சட்டை உரித்தது. அக்டோபரில் 455 கிராமை எட்டியது. அன்று முதல் இரையின் இடைவெளியை ஏழு நாளிலிருந்து பன்னிரண்டு நாளாக்கினோம். அடுத்த மார்ச் பிறந்தபோது பெட்டியின் வெப்பப் பக்கத்தில் ஈரப்பாசி நிரப்பிய டப்பா ஒன்று தயாராக இருந்தது. நண்பரின் மகள் அதன் துளையின் விளிம்பை மணல்தாளால் இருமுறை தேய்த்திருந்தாள்.